குருவிட்டவில் ஒரு குப்பைமேடு

கொழும்பு–இரத்தினபுரி பஸ்ஸில் வருகிறவர்களில் பாதிப்பேர் குருவிட்டவைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவார்கள். எஹெலியகொட தாண்டியதும் தொடங்கும் வளைவுகள், ஈரக்காற்று, சன்னலுக்கு வெளியே முடியாமல் ஓடும் இறப்பர் வரிசைகள் எல்லாம் சேர்ந்து கண்ணைச் செருகவைக்கும். விழித்திருப்பவருக்குத் தெரிவது ஒரு சந்தி, கொஞ்சம் கடைகள், முச்சக்கர வண்டிகளின் வரிசை. அப்புறம் வயலுக்கு நடுவே கூரை வேய்ந்த சிறு கொட்டகை, அதன் கீழே ஒரு குழி, குழியிலிருந்து தண்ணீர் இறைக்கும் எந்திரத்தின் இரைச்சல். மாணிக்கக் குழி அது. ஒருகாலத்தில் இவ்வழியே குட்டி ரயில் ஒன்றும் ஓடியது. களனிவெளிப் பாதையின் ஒடுங்கிய தண்டவாளம் அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்கும் அதைத் தாண்டி ஓப்பநாயக்க வரைக்கும் போனது. 1976இல் அந்தப் பகுதி மூடப்பட்டது.

வெளியூர்க்காரர் இங்கே இறங்க வழக்கமாக இரண்டு காரணங்கள்தாம். ஒன்று, எரத்ன வழியாகச் சிவனொளிபாத மலை ஏறுவது. கால்வலிக்கு அஞ்சாதவர்கள் தேர்ந்தெடுக்கும் நீண்ட வழி அது. மற்றது பொபத் எல்ல. குரு கங்கை முப்பது மீட்டர் உயரத்திலிருந்து அரச இலை வடிவில் விரிந்து விழும் அருவி.

மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு. அதற்காகக் கொழும்பிலிருந்தும் ஒக்ஸ்போர்ட்டிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆய்வாளர்கள் இந்த மலையடிவாரத்தைத் தேடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அருவியுமல்ல, மாணிக்கமுமல்ல. இருபதாயிரம், முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு யாரோ தின்றுவிட்டு எறிந்த குரங்கெலும்பும் நத்தை ஓடும் கொட்டைக் கோதும்.

ஆனால் குருவிட்டவின் கதையை மாணிக்கக் குழியிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஏனென்றால் இந்த ஊர் விஞ்ஞானத்துக்குள் நுழைந்ததே அந்தக் குழி வழியாகத்தான்.

சப்ரகமுவவின் மலைப்பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்தின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. நீலமும் பதுமராகமும் அந்த வேக்காட்டில் பிறந்தன. பாறை கரைய, ஆறு அவற்றை உருட்டிக்கொண்டு வந்து பள்ளத்தில் போட்டது. கனமான கல் அடியில் தங்கும், இலேசான மண் அடித்துச் செல்லப்படும். அப்படித் தங்கிய சரளை அடுக்கை அகழ்வோர் ‘இல்லம’ என்கிறார்கள். குழியில் இறங்குகிறவர் அதைத் தொடும்வரை வெறும் களிமண்ணைத்தான் மேலே அனுப்பிக்கொண்டிருப்பார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சி. பி. திசாநாயக்க, ரோஹன சந்திரஜித் போன்ற புவி இரசாயனவியலாளர்கள், ஆற்றுமண்ணில் எந்த மூலகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து, கல் எந்த மலையிலிருந்து உருண்டு வந்திருக்கும் என்று தேடும் வேலையை வளவை கங்கைப் படுகையில் செய்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் ‘கெவுட’ கதை. பால்போல வெளிறிய, ஒன்றுக்கும் உதவாதென்று ஒதுக்கப்பட்ட கல் அது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை வாங்கிக்கொண்டு போய், 1,500 பாகை செல்சியஸைத் தாண்டிய உலையில் சுட்டு, நல்ல நீலமாக்கி விற்றார்கள். கல்லுக்குள் மெல்லிய ஊசிகளாகக் கிடந்த டைட்டேனியம் கரைந்து இரும்போடு சேர, நிறம் பிறக்கிறது. விஷயம் விளங்குவதற்குள் இலங்கையின் கெவுட ஏராளமாகக் கடல் கடந்துவிட்டது. தெரிந்தவன் கையில் கல், தெரியாதவன் கையில் காசு என்று அது முடிந்தது.

அந்தச் சரளைக்குள் கல் மட்டும் இல்லை. நீர்யானையின் பல், காண்டாமிருகத்தின் தாடை, காட்டெருமையின் கொம்படி என்று இன்றைய இலங்கையில் இல்லாத விலங்குகளின் மிச்சங்கள் இல்லமவோடு சேர்ந்து மேலே வந்தன. மாணிக்கம் தேடுகிறவருக்கு அவை கழிவு. அவற்றைக் கழிவாகப் பார்க்காத மனிதர் ஒருவர் கொழும்பில் இருந்தார்: பி. ஈ. பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை தேசிய அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த விலங்கியலாளர். ‘இரத்தினபுரி விலங்கினம்’ என்று ஒரு முழு மறைந்த உலகத்தையே அவர் இந்தக் குழிகளின் கழிவிலிருந்து எழுதி எடுத்தார்.

குருவிட்டவிலிருந்து அவருக்குக் கிடைத்தவை இரண்டு பற்கள். 1939இல் அவற்றை ஆதாரமாக வைத்து, இலங்கைக்கே உரிய ஒரு சிங்க உள்ளினம் இருந்தது என்று அறிவித்தார். தேசியக் கொடியில் வாளேந்தி நிற்கும் விலங்கு இந்தத் தீவில் உண்மையாகவே நடமாடியதா என்று கேட்டால், விஞ்ஞானம் எடுத்துக் காட்டும் சான்று அந்த இரண்டு பற்கள்தாம். அவை சிங்கத்தின் பற்கள்தான் என்று எப்படி முடிவுகட்டினார் என்பதை அவர் விரித்து எழுதவில்லை. லண்டன் அருங்காட்சியகத்திலிருந்த சிங்கப் பற்களைவிட இந்தப் பல் ஒடுங்கி நீண்டிருக்கிறது என்பதைத்தான் தனி உள்ளினத்துக்குக் காரணமாகச் சொன்னார். இன்றைய ஆய்விதழ் ஒன்றுக்கு இப்படி அனுப்பினால் நடுவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

சிங்கத்துக்குத் துணையாகப் புலியும் வந்து சேர்ந்தது. 2005இல் கெலும் மனமேந்திர ஆரச்சி, ரொஹான் பெத்தியாகொட முதலானோர் எழுதிய கட்டுரை, இரத்தினபுரிக்கு அருகே 1962இல் கிடைத்த ஒரு கீழ்த்தாடைப் பல்லும், குருவிட்டவுக்கு மேலேயுள்ள குகையில் 1982இல் கிடைத்த ஒரு விரலெலும்பும் புலியினுடையவை என்று காட்டியது. அந்த விரலெலும்புக்கு வயது சுமார் 16,500 ஆண்டு. கொடியிலும் சுவரொட்டியிலும் மேடையிலும் இந்த இரண்டு மிருகங்களின் பெயரும் பட்ட பாட்டை இந்த நாட்டில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1982 என்பது அந்தப் பாடு கொதிநிலைக்கு ஏறிக்கொண்டிருந்த ஆண்டு. அதே ஆண்டில் குருவிட்ட மலையில் யாரோ ஒரு சிற்றெலும்பை மண்ணிலிருந்து எடுத்து, துடைத்து, பையில் போட்டு, எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது புலியென்று உலகுக்குச் சொல்ல இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகின. அதுவரை அந்தக் குறிப்பு அழியாமல் இருந்தது என்பதுதான் இதில் வியக்கவேண்டிய சங்கதி.

அந்தப் புலிக் கட்டுரையை எழுதியவர்களில் மாதவ மீகஸ்கும்புரவும் ஒருவர். அவருடைய சொந்தத் துறை தவளை. 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் அவரும் சகாக்களும், இலங்கையின் ஈரவலயக் காடுகளில் நூற்றுக்கு மேற்பட்ட மரத்தவளை இனங்கள் இருக்கின்றன என்று எழுதி, உயிரியலாளர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரில் முட்டையிடுவதில்லை. ஈரமண்ணிலும் இலையிலும் இடும் முட்டையிலிருந்து, வால்பேத்தைப் பருவமே இல்லாமல், நேராகக் குட்டித் தவளை வெளிவருகிறது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மாவட்டத்தில் தவளைக்குக் குளம் எதற்கு?

அந்த மழைதான், புலியின் விரலெலும்பு கிடைத்த குகைக்குப் போகிறவரின் முதல் எதிரி. சந்தியில் முச்சக்கர வண்டி பிடித்து எரத்னப் பக்கம் திரும்பி, சுதாகல வரை போகவேண்டும். இங்கே ஒரு குழப்பத்துக்கும் இடமுண்டு. இதே சுற்றுவட்டாரத்தில் பட்டதொட்டலென என்று இன்னொரு குகை இருக்கிறது. புத்தர் சிவனொளிபாத மலையில் பாதம் பதித்தபின் இளைப்பாறிய திவாகுகை அதுவே என்று நம்புகிறவர்கள் உண்டு. வழிபாட்டுக்கு வருகிறவர்கள் போவது அங்கே. ஆய்வாளர்கள் தேடுவது பட்டதொம்பலென. பெயரைக் கடைசிவரை திருத்தமாகச் சொல்லாதவரை ஓட்டோக்காரர் நல்ல மனதோடு புண்ணியத்தின் பக்கமே கொண்டுபோய் விட்டுவிடுவார்.

வழியில் சிறு தேயிலைத் தோட்டங்கள், இறப்பர், இடையிடையே கித்துள், பாக்கு, வீட்டுக்கு வீடு ஒரு பலாமரம். கொழுந்துக் கூடையோடு இறங்கி வருகிறவர்கள் சிங்களத்திலும் பேசுவார்கள், தமிழிலும் பேசுவார்கள். சப்ரகமுவத் தோட்டங்களில் இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன. மழைபெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, இல்லை. அதனால் வானத்தை இங்குள்ளவர்கள் பார்க்கும் பார்வையே வேறு. குகைக்கு என்று சொன்னால், “அட்டைக்குச் சவுக்காரம் பூசிக்கிட்டீங்களா அண்ணே?” என்பதுதான் முதல் விசாரிப்பு. பூசிக்கொள்ளாதவர் மேலே போய்ச் சேர்வதற்குள் கணுக்காலில் இரத்தம் வடிய நிற்பார்.

ஏற்றம் முடிந்து மரங்கள் விலகும்போது, கரும்பாறை ஒன்று முன்னே துருத்திக்கொண்டு நிற்கிறது. குகை என்பதைவிடப் பாறைத் தாழ்வாரம் என்பதே பொருந்தும். வெளியே சொட்டச்சொட்ட நனைந்த காடு. உள்ளே தரை காய்ந்து கிடக்கும். இடத்தைத் தேர்ந்தவர்களின் அறிவு அந்த ஓரடி வித்தியாசத்தில் தெரிகிறது.

1930களின் பிற்பகுதியில் பி. ஈ. பி. தெரணியகல இங்கே முதலில் தோண்டினார். மனித எலும்புகளும் சிறு கல்லாயுதங்களும் கிடைத்தன. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே தரைக்கு அவருடைய மகன் சிறான் தெரணியகல வந்தார். ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்; பின்னாளில் தொல்பொருள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம்; 2021இல் காலமானார். தகப்பன் பார்த்ததைவிட மகன் மெதுவாகப் பார்த்தார். மண்ணை மட்டமாக வெட்டி எடுக்காமல், அது படிந்த வரிசையிலேயே அடுக்கு அடுக்காக உரித்து, ஒவ்வோர் அடுக்கின் கரித்துண்டையும் தனித்தனியே எடுத்துவைத்தார். கரியிலிருக்கும் காபன்-14 அணுக்கள் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை எண்ணினால் அந்த அடுப்பு எரிந்த காலம் தெரியும்.

தெரிந்த காலம்தான் சங்கடத்தைக் கொண்டுவந்தது. பட்டதொம்பலெனவில் கிடைத்த கல்லாயுதங்களில் நகத்தளவு குவார்ட்ஸ் சில்லுகள் இருந்தன. பிறை, முக்கோணம், சரிவகம் என்று கணித வடிவத்தில் செதுக்கி, மரப்பிடியில் ஒட்டிப் பயன்படுத்தும் வகை. ஐரோப்பாவில் இவ்வகை ஆயுதம் பனியுகம் முடியும் தறுவாயில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்புதான் பரவலாகிறது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. குருவிட்டவின் கரியோ 28,000 ஆண்டு என்றது. நாகரிகத்தின் கடிகாரத்தை ஐரோப்பாவில் வைத்துப் பழகியவர்களுக்கு ஒரு சின்னத் தீவின் மழைக்காட்டு ஓரத்திலிருந்து வந்த இந்தச் செய்தி விழுங்கக் கடினமாக இருந்தது. 1989இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கென்னத் கென்னடியும் சிறானும் சேர்ந்து, அந்த அடுக்கில் கிடைத்த மனித எலும்புகள் தெற்காசியாவில் அதுவரை அறியப்பட்ட மிகப் பழைய நவீன மனிதர்களுடையவை என்று எழுதினார்கள்.

2005இல் மூன்றாவது சுற்று. நிமல் பெரேரா அதே தாழ்வாரத்தில் மீண்டும் தோண்டினார். அவர் அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தவர். 2011இல் அவரும் பல நாட்டுச் சகாக்களும் வெளியிட்ட அறிக்கை, மனிதர் இங்கே வந்துபோன காலத்தை 36,000 ஆண்டுக்கு முன்பு தள்ளியது. அடுப்புகள், கம்பு நட்ட குழிகள், குடியிருந்தவர்கள் மிதித்து இறுகிய தரைகள், எலும்பு ஊசிமுனைகள், கடற்சிப்பி மணிகள். கடற்கரை இங்கிருந்து பல நாள் நடைதூரம்.

அந்த அறிக்கையில் படிக்கச் சுவையான பகுதி சாப்பாட்டுப் பட்டியல். குரங்கு, மலையணில், காட்டு நத்தை, ஆற்று நத்தை. கெக்குண மரத்தின் எண்ணெய்ப்பசைக் கொட்டையை உடைத்த கோதுகள் குவியல் குவியலாக. சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை வலுத்த பிறகு அணிலும் ஆற்று நத்தையும் கெக்குணக் கொட்டையும் பட்டியலில் கூடுகின்றன. மானை விரட்டிப் பிடிக்கும் சமவெளி வேடரின் சாப்பாடு அல்ல இது; பெரும்பகுதி மரத்தின் மேலிருந்து வந்தது. இதை எழுத ஒரு தொல்லியலாளர் போதாது. விலங்கெலும்பை இனங்காண ஒருவர், கரிந்த விதையைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்க ஒருவர், செடியின் நுண்மணற் சிலிக்காவைப் பிரித்தெடுக்க ஒருவர், நத்தை ஓட்டுக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர். ஒரே குப்பைமேட்டை ஆளுக்கொரு பக்கம் கிளறுகிறார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? 1980களின் இறுதியில் மானிடவியலில் ஒரு கருத்து வலுத்திருந்தது. மழைக்காடு பார்க்கத்தான் பசுமை. அங்கே மாச்சத்து அரிது, விலங்கு மரத்தின் மேலே. பக்கத்திலே பயிர்செய்கிறவர்கள் இல்லாமல், காட்டை மட்டும் நம்பி மனிதர் வாழ்ந்திருக்க முடியாது என்று ரொபர்ட் பெய்லி, தோமஸ் ஹெட்லண்ட் போன்றவர்கள் வாதிட்டார்கள். நவீன மனிதன் ஆபிரிக்காவை விட்டு வெளியேறியபோது புல்வெளியையும் கடற்கரையையும் பிடித்துக்கொண்டு போனான், மழைக்காட்டைச் சுற்றி ஒதுங்கிப் போனான் என்ற கதைக்கு அது பொருந்திவந்தது. குருவிட்டவின் குப்பைமேடு அதை மறுத்தது. ஆனால் மறுப்பு கேட்கிறவருக்கு ஒரு சந்தேகம் எழத்தான் செய்யும். வேட்டைக்கு வந்தவர்கள் சில வாரம் தங்கிக் குரங்கு தின்றிருக்கலாம். மற்ற மாதங்களில் வெளியே, புல்வெளியில் வாழ்ந்திருக்கலாமே?

பதில் பல்லுக்குள் இருந்தது.

அடர்ந்த காட்டின் அடித்தளத்தில் வெளிச்சம் குறைவு. அழுகும் இலையிலிருந்து எழும் காற்று அங்கேயே தேங்கி நிற்கும். அந்தச் சூழலில் வளரும் செடி, காபனின் கனத்த சமதானியான காபன்-13ஐ மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். வெட்டவெளிப் புல்லில் அது கூடுதல். செடியைத் தின்ற குரங்கிலும் குரங்கைத் தின்ற மனிதரிலும் அந்த அளவு அப்படியே பதியும். பல்லின் எனாமல் சிறுவயதில் உருவானபின் மாறுவதில்லை. எலும்பு மண்ணில் கெட்டாலும் அது கெடாது. ஆகவே சில மில்லிகிராம் எனாமல் தூளை நிறமாலைமானியில் செலுத்தினால், அந்தப் பல்லுக்குரியவர் பிள்ளைப் பருவத்தில் காட்டின் சோற்றைத் தின்றாரா, வெட்டவெளியின் சோற்றைத் தின்றாரா என்று சொல்லிவிடலாம். ஒக்ஸ்போர்ட்டில் அப்போது ஆய்வு மாணவராக இருந்த பற்றிக் ரொபேட்ஸ், நிமல் பெரேரா, ஓஷான் வெதகே, சிறான் தெரணியகல முதலானோர் பட்டதொம்பலென உட்பட இலங்கையின் பல தொல்லிடங்களிலிருந்து 26 பேரின் பற்களை இப்படிச் சோதித்தார்கள். 2015 மார்ச்சில் ‘சயன்ஸ்’ இதழில் முடிவு வந்தது. குறைந்தது 20,000 ஆண்டுகளாக இம்மனிதர்கள் மழைக்காட்டையும் அதன் ஓரத்தையும் நம்பியே வாழ்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் புல்வெளி இருந்த காலத்திலும் அவர்கள் காட்டை விடவில்லை.

அந்தக் கட்டுரைக்குப் பின்னால் இருப்பதை யோசித்தால் மலைப்பாக இருக்கும். தோண்டியெடுக்கப்பட்ட காலத்தில் அந்தப் பற்களில் சிலவற்றை இப்படி அளக்கலாம் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாமல் போயிருந்தால், உலகத்தின் ஆகச்சிறந்த நிறமாலைமானியும் அந்தப் பல்லிடமிருந்து ஒன்றும் கறந்திருக்க முடியாது. பல்கலைக்கழக விஞ்ஞானம் என்றால் புதிய கருவி, புதிய கட்டுரை, புதிய நிதி என்றே பேச்சு அடிபடுகிறது. குருவிட்டவில் பார்த்தால், நாளைக்கு என்ன கேள்வி வரும் என்று தெரியாமலே பையில் போட்டு இலக்கமிட்டு வைத்தவர்கள்தாம் பாதி வேலையைச் செய்திருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு வேகம் பிடித்தது. குருவிட்டவிலிருந்து மேற்கே, புளத்சிங்களப் பக்கத்துப் பஹியன்கல குகையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓஷான் வெதகே தலைமையில் தோண்டினார்கள். ஜெர்மனியின் யேனா நகர் மக்ஸ் பிளாங்க் நிறுவகம் கைகோத்தது. 2019இல் ‘நேச்சர் கொமியூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, 45,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்குள்ளவர்கள் குரங்கையும் மலையணிலையும் தேர்ந்தெடுத்து வேட்டையாடினார்கள் என்றது. பெரும்பாலும் வளர்ந்த குரங்கு. குட்டிகளை அதிகம் தொடவில்லை. அடுத்த ஆண்டு, கிரிபித் பல்கலைக்கழகத்தின் மிஷெல் லாங்லி அதே குகையின் 130 எலும்புமுனைகளை நுண்ணோக்கியில் பார்த்தார். மோதி முறிந்த தழும்புகளும் கயிறு கட்டிய தேய்மானமும் அவை அம்புமுனைகள் என்று காட்டின. காலம் 48,000 ஆண்டு வரை போகிறது. ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லுக்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. மரத்துக்கு மரம் தாவும் மந்தியை வேறெதைக் கொண்டு வீழ்த்துவது?

மரபணு ஆய்வு இந்த வரிசையில் பிந்தி வந்தது. ஈரமும் வெப்பமும் மரபணுவைச் சீக்கிரம் சிதைத்துவிடும். குளிர்நாட்டு எலும்பில் எளிதாகக் கிடைப்பது இங்கே மிக அரிது. இருந்தும் 2023இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ருவந்தி ரணசிங்கவும் சகாக்களும், இரு குகைகளைச் சேர்ந்த இரண்டு வேட்டைக்கால மனிதர்களிடமிருந்து தாய்வழி மரபணுவை முழுமையாக வாசித்தார்கள். இலங்கையின் வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர் பற்றிய முதல் மரபணுச் செய்தி அது. ஒன்று எம்18ஏ, மற்றது எம்35ஏ என்னும் வழி. இரண்டும் இந்தியத் துணைக்கண்டத்தில் கிளைத்தவை. எம்18ஏ வழி இன்றும் சிறு அளவில் சிங்களவரிடமும் இலங்கைத் தமிழரிடமும் மலையகத் தமிழரிடமும் இருக்கிறது. எம்35ஏ எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது, சிங்களவரிடம் சற்றுக் கூடுதலாக. தாயின் தாயின் தாய் என்று போகும் ஒற்றை நூல்தான் இது. இதை வைத்து யார் முந்தி வந்தவர் என்று வாதாடக் கிளம்புகிறவர் விஞ்ஞானத்தைப் படிக்கவில்லை, தலைப்பை மட்டும் படித்திருக்கிறார் என்று கொள்ளலாம். இருநூறு ஆண்டுக்கு முன்பு கோப்பிக்கும் பின்பு தேயிலைக்கும் என்று கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும், இந்த மலைக்காட்டு வேடர்களுக்கும் எங்கோ ஒரு பாட்டி பொது என்பது மட்டும் அதில் இருக்கிறது. சுதாகலப் பாதையில் கொழுந்துக் கூடையோடு இறங்கி வருகிறவருக்கு இதைச் சொன்னால், சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுவார்.

இலங்கையின் சாதனை உலக அளவில் இப்போது எங்கே நிற்கிறது? மழைக்காட்டு மனிதருக்கு மிகப் பழைய சான்று என்ற பட்டம் கைமாறிவிட்டது. சுமாத்திராவின் லிடா அஜர் குகைப் பற்கள் 63,000 ஆண்டைத் தாண்டுகின்றன என்று 2017இல் வந்தது. மேற்காபிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1,50,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் ஈரக்காட்டில் இருந்தார்கள் என்று 2025இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. இதில் வருந்த ஒன்றும் இல்லை. மழைக்காடு மனிதருக்குத் தடையா என்ற கேள்வியை உரக்கக் கேட்டவற்றுள் சப்ரகமுவக் குகைகளும் உண்டு. 

வருந்த வேறொன்று இருக்கிறது. நுண்ணளவைக் கருவிகள் வெளிநாட்டில் இருக்கின்றன. பல் இங்கிருந்து போகிறது, அளவு அங்கிருந்து வருகிறது. வெதகே, பெரேரா போன்றவர்களின் பெயர்கள் கட்டுரைகளின் முதல் வரியில் இருப்பது நல்ல மாற்றம். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் 1995 முதல் இயங்குகிறது. குகைகள் அதன் வாசற்படியில் இருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஒரு சமதானி ஆய்வுகூடம் அமைந்தால், தோட்டப் பாடசாலையிலிருந்து விஞ்ஞானப் பிரிவுக்குப் போன பிள்ளை ஒன்று அடுத்த பல்லை அளக்கும் நாளை எதிர்பார்ப்பது பேராசையாகாது.

குகையிலிருந்து இறங்குகிறவர் அன்றே இன்னொன்றையும் பார்க்க விரும்பினால், அவிசாவளைக்குத் திரும்பி ஹட்டன் பஸ் பிடிக்கலாம். களனி கங்கையில் வெள்ளைக்காரர்கள் இறப்பர்ப் படகில் துள்ளிப் போகும் கித்துல்கலவில் இறங்கினால், மேலே காட்டுக்குள் பெலிலென இருக்கிறது. கேகாலை மாவட்டத்தின் பங்கு அது. அதையும் சிறான் தெரணியகல தோண்டினார். 2020இல் வெதகே குழு மறுபடியும் எலும்பையும் செடியையும் சமதானியையும் சேர்த்து அதைப் பற்றி எழுதியது. அங்கே 27,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அடுக்கில், கடற்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட உப்பின் தடயம் இருப்பதாகச் சிறான் பதிந்திருக்கிறார். குருவிட்டவில் கடற்சிப்பி மணி, கித்துல்கலவில் உப்பு. ஆனால் குருவிட்டவின் பற்கள், அவற்றுக்குரியவர்கள் காட்டையும் அதன் ஓரத்தையும் நம்பியே வாழ்ந்தார்கள் என்கின்றன. அப்படியானால் சிப்பியையும் உப்பையும் மலைக்குச் சுமந்து வந்தவர்கள் கடற்கரையில் குடியிருந்த வேறொரு கூட்டமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் அந்நாளைய கரை, பனியுகம் முடிந்து கடல் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்தபோது நீருக்குள் போய்விட்டது.